பயிரின் ஊட்டமும் கன உலோகமும்: கொங்கு நிலத்து உழவர்கள் கேட்கும் கேள்விகள்

நொய்யல் கரையிலும், காளிங்கராயன் வாய்க்கால் பாசனத்திலும், கோவையைச் சுற்றியுள்ள காய்கறித் தோட்டங்களிலும் கழிவுநீரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தண்ணீரில் என்ன கலந்தது என்பதோடு நின்றுவிடுகிறது. மண்ணுக்கு வந்து சேர்ந்த உலோகத்தில் எவ்வளவு கீரைக்கும் காய்க்கும் தானியத்துக்கும் ஏறும் என்பது தனிக் கேள்வி. அதற்கான விடையில் பாதி, அந்தப் பயிர் எந்தச் சத்துக்கு ஏங்கி நிற்கிறது என்பதில் இருக்கிறது. அந்தப் பாதியைப் பற்றியதே இந்தப் பக்கம்.

கன உலோகம் என்றாலே நஞ்சுதானா?

இல்லை. துத்தநாகம், செம்பு, மாங்கனீசு, இரும்பு ஆகியவை இல்லாமல் பயிர் விளையாது. யூரியாவைச் சிதைக்கும் நொதிக்கு மிகச் சிறிய அளவில் நிக்கலும் வேண்டும். காட்மியம், ஈயம், பாதரசம் ஆகியவற்றால் பயிருக்கு ஒரு பயனும் இல்லை. ஆர்சனிக் முழு உலோகம் அல்ல என்றாலும் இந்த வரிசையிலேயே வைத்துப் பேசப்படுகிறது.

இவற்றில் அதிகக் கவனம் வேண்டியது காட்மியம். செம்போ துத்தநாகமோ மிகுந்தால் பெரும்பாலும் பயிரே வாடிக் காட்டிக்கொடுத்துவிடும். காட்மியமோ பயிர் செழிப்பாகத் தெரியும்போதே உண்பவருக்குக் கேடு தரும் அளவில் சேர்ந்திருக்கக்கூடும். உடலுக்குள் போனது சிறுநீரகத்தில் பல ஆண்டுகள் தங்கிவிடும். ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் பாசனத்தில் விளைந்த அரிசியை உண்டவர்களுக்கு எலும்பை முறிக்கும் இதாய் இதாய் நோய் வந்ததையும், சுரங்கக் கழிவிலிருந்த காட்மியமே அதற்குக் காரணம் என்று 1968இல் அந்நாட்டு அரசு ஏற்றதையும் மறந்துவிட்டு இந்தப் பேச்சைத் தொடங்க முடியாது.

பயிருக்குத் தேவையே இல்லாத காட்மியத்தை வேர் ஏன் எடுக்கிறது?

காட்மியத்துக்கென்று வேரில் தனி வழி எதுவும் கிடையாது; பிற சத்துகளுக்காகத் திறந்திருக்கும் வழிகளிலேயே அது நுழைகிறது. வேரின் உயிரணுச் சவ்வில் ஒவ்வொரு சத்தையும் உள்ளே கடத்துவதற்கெனப் புரதங்கள் உள்ளன. மின்னேற்றத்திலும் பருமனிலும் வேதிக் குணத்திலும் தமக்குரிய சத்தை ஒத்திருக்கும் பிறவற்றை அவற்றால் முழுமையாகப் பிரித்தறிய முடிவதில்லை. இரும்புக்கும் துத்தநாகத்துக்குமான புரதங்கள் வழியே காட்மியமும் நிக்கலும் நுழைகின்றன. நெற்பயிரில் காட்மியம் நுழையும் முதன்மை வழி மாங்கனீசை எடுக்கும் ஒரு புரதமே. காற்றோட்டமுள்ள மண்ணில் ஆர்சனிக், பாஸ்பேட்டின் வழியில் நுழைகிறது. நீர் தேங்கிய நெல்வயலில் அதன் வடிவம் மாறிவிடுவதால், நெல் சிலிக்கானை எடுக்கும் வழியில் நுழைகிறது. முலாம் பூசும் பட்டறைக் கழிவில் வரும் ஆறிணைதிறக் குரோமியம் (குரோமியத்தின் எளிதில் கரையும் நச்சு வடிவம்) சல்பேட்டின் வழியில் போகிறது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. ஒரே வழியில் இரண்டு பொருள்கள் போட்டியிடும்போது எது மிகுதியாக இருக்கிறதோ அதுவே கூடுதலாக உள்ளே போகும்; ஆகவே வேரருகே துத்தநாகம் போதிய அளவு இருந்தால் காட்மியத்துக்குக் கிடைக்கும் வாய்ப்பு குறையும். இரண்டாவது முடிவை நாம் அதிகம் கவனிப்பதில்லை. ஒரு சத்து போதாதபோது பயிர் அந்தச் சத்துக்கான புரதங்களைக் கூடுதலாக உண்டாக்குகிறது. இரும்புக்காக ஏங்கும் வேர் இரும்புக்கான வழிகளைப் பெருக்கும்போது, காட்மியத்துக்கான வழிகளையும் சேர்த்தே பெருக்கிவிடுகிறது.

எங்கள் பூமி சுண்ணாம்பு மண். காட்மியம் அதில் கட்டுண்டு கிடக்கும் என்கிறார்களே?

பாதி உண்மை. மண்ணின் கார அமிலத் தன்மையே காட்மியத்தின் நடமாட்டத்தை மிகுதியாகத் தீர்மானிக்கிறது. அமில மண்ணில் அது எளிதில் கரைந்து வேருக்குக் கிடைக்கிறது. காரம் கூடக் கூடக் களிமண்ணோடும் இரும்பு ஆக்சைடுகளோடும் கார்பனேட்டோடும் பிணைந்துகொள்கிறது. சுக்காங்கல் கலந்த செம்மண்ணும் கரிசலும் நிறைந்த கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரங்களில் மண் பெரும்பாலும் நடுநிலையிலோ காரப் பக்கமோ நிற்பதால், கேரள மலைச்சரிவுகளின் அமில மண்ணைவிட நமக்கு இந்த வகையில் பாதுகாப்பு கூடுதல் என்பது சரியே.

மறுபாதியும் இருக்கிறது. காட்மியத்தைக் கட்டிப்போடும் அதே சுண்ணாம்பு, இரும்பையும் துத்தநாகத்தையும் சேர்த்துக் கட்டிப்போடுகிறது. நிலக்கடலையிலும் சோளத்திலும் கரும்பிலும் இளந்தழை நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடையில் வெளுத்துப்போவதைக் கண்டிராத உழவர் இங்கே இல்லை. அது இரும்புப் பசியின் அடையாளம். சுத்தமான மண்ணில் அந்தப் பசி விளைச்சலைக் குறைப்பதோடு முடிந்துவிடும். கழிவுநீரோ நகரக் குப்பை உரமோ ஏறிய மண்ணிலானால், சுண்ணாம்பு தரும் பாதுகாப்பின் ஒரு பகுதியை அந்தப் பசி தின்றுவிடும். நமது மண்ணில் நுண்ணூட்டத்தைச் சரிசெய்வதை விளைச்சலுக்கான செலவாக மட்டும் பார்க்கக் கூடாது என்று அழுத்திச் சொல்வதற்கு இதுவே காரணம்.

அப்படியானால் துத்தநாக சல்பேட் போட்டால் போதுமா?

துத்தநாகம் குறைந்த மண்ணில் போட்டால் பலன் தெளிவாகத் தெரியும். தென் ஆஸ்திரேலியாவில் துத்தநாகம் குறைந்த கோதுமை நிலங்களில் அதைச் சேர்த்தபோது தானியத்தின் காட்மியம் குறைந்தது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. துத்தநாகம் ஏற்கெனவே போதிய அளவுள்ள நிலத்தில் மேலும் மேலும் கொட்டினால் அதே பலன் வராது. மிகையான துத்தநாகம் மண்துகளில் ஒட்டியிருக்கும் காட்மியத்தைத் தள்ளி மண்நீரில் கரைக்கவும் கூடும்.

ஆகவே மண் ஆய்வு முதலில் வர வேண்டும். தமிழ்நாட்டு மண்ணுக்குத் துத்தநாகத்தின் எல்லை அளவு கிலோவுக்கு 1.2 மில்லிகிராம் என்று கொள்ளப்படுகிறது. இரும்புக்குச் சுண்ணாம்பு மண்ணில் 6.3, சுண்ணாம்பில்லா மண்ணில் 3.7. அளவு அதற்குக் கீழிருந்தால் எக்டேருக்கு 25 கிலோ, அதாவது ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் என்பது நெல்லுக்கான வழக்கமான பரிந்துரை. அதை நேரடியாகத் தூவுவதைவிடப் பத்து மடங்கு மக்கிய தொழு உரத்தோடு கலந்து, ஈரப்பதம் காத்து, ஒரு மாதம் ஊறவைத்து இடுவது சுண்ணாம்பு மண்ணில் மிகவும் நல்லது. இரும்பை மண்ணில் இட்டால் விரைவில் கட்டிப்போய்விடும் என்பதால் அன்னபேதியை (இரும்பு சல்பேட்டை) இலைவழி தெளிப்பதே கைகொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை: தொழிற்சாலைத் துத்தநாகக் கழிவிலிருந்து சரியாகச் சுத்திகரிக்காமல் எடுத்த மலிவுச் சரக்கில் ஈயமும் காட்மியமும் கலந்திருக்கக்கூடும். உரக் கட்டுப்பாட்டு ஆணை துத்தநாக சல்பேட்டில் இவற்றுக்கு உச்ச வரம்பு வைத்திருப்பதே அதனால்தான். பில் இல்லாத மூட்டையை வாங்க வேண்டாம்.

நொய்யல் ஓரத்துக் கிணற்றில் உப்புதான் அதிகம், உலோகம் அவ்வளவாக இல்லை என்கிறார்கள். நிம்மதியாக இருக்கலாமா?

இருக்க முடியாது. இந்தக் கேள்வியே நமது வட்டாரத்துக்கு மிகவும் பொருந்துவது.

துணிச் சாயமேற்றலில் உப்பு பெருமளவில் பயன்படுகிறது. பல்லாண்டுகள் அது ஆற்றில் கலந்து, 1990களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்நிலங்களின் கிணறுகளில் இறங்கியது. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், அதன்பின் கழிவை வெளியே விடாத சுத்திகரிப்பு முறை கட்டாயமானதும் அனைவரும் அறிந்தவை. ஆனால் மண்ணிலும் கிணற்றிலும் ஏறிய குளோரைடு உத்தரவு வந்த நாளிலேயே வெளியேறிவிடாது.

குளோரைடு தானே காட்மியம் அல்ல. ஆனால் மண்நீரில் அது காட்மியத்தோடு இணைந்து ஒரு கூட்டுப் பொருளை உண்டாக்குகிறது. தனிக் காட்மியத்தைக் களிமண் பற்றிக்கொள்ளும் அளவுக்கு இந்தக் கூட்டுப் பொருளைப் பற்றிக்கொள்வதில்லை; அது மண்நீரில் மிதந்து வேரை எளிதில் சென்றடைகிறது. தென் ஆஸ்திரேலிய உருளைக்கிழங்கு வயல்களை 1990களில் ஆராய்ந்தபோது, கிழங்கிலிருந்த காட்மியம் மண்ணின் குளோரைடு அளவோடு சேர்ந்தே ஏறியிறங்கியது தெரியவந்தது. மண்ணில் பெரிதாக உலோகம் கொட்டப்படாமலேயே, உப்புநீர்ப் பாசனத்தால் விளைபொருளின் காட்மியம் கூடலாம் என்பதே அதன் பொருள். காரமான சுண்ணாம்பு மண் தரும் பாதுகாப்பை இந்த உப்பு ஓரளவு குலைத்துவிடும்.

இப்படிப்பட்ட நிலத்தில் செய்யக்கூடியவை சில உண்டு. பொட்டாஷை மியூரேட்டாக (பொட்டாசியம் குளோரைடாக) இடாமல் சல்பேட்டாக இடலாம். மியூரேட்டின் எடையில் ஏறக்குறைய பாதி குளோரைடுதான் என்பதால், ஏற்கெனவே உப்பேறிய பூமிக்கு அது கூடுதல் சுமை. புகையிலை பயிரிடுவோர் இலையின் தரத்துக்காக மியூரேட்டைத் தவிர்ப்பது பழைய வழக்கம். உப்புநீர்த் தோட்டத்தில் கீரையும் காயும் வைப்போருக்கும் அதே வழக்கம் நல்லது. பருவமழை நீரை வரப்பு உயர்த்தித் தேக்கி உப்பை வேருக்குக் கீழே இறக்கலாம். உப்புக் கிணற்று நீரை மட்டும் நம்பி இலைக்காய்கறி வைக்காமல் தென்னைக்கோ மரப்பயிருக்கோ மாறலாம்.

டிஏபியிலும் காட்மியம் உண்டாமே? அதையும் நிறுத்திவிடலாமா?

டிஏபி என்ற அமோனியம் பாஸ்பேட் உரத்துக்கு மூலமான பாறை பாஸ்பேட்டில் இயல்பாகவே காட்மியம் உண்டு. படிவுப் பாறையிலிருந்து வருவதில் கூடுதல், எரிமலைப் பாறையிலிருந்து வருவதில் குறைவு. ஐரோப்பிய ஒன்றியம் 2022 சூலை முதல் ஒரு கிலோ பாஸ்பரஸ் பென்டாக்சைடுக்கு (உரத்தின் மணிச்சத்தை அளக்கும் கணக்கு) 60 மில்லிகிராம் காட்மியம் என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறது.

கணக்கிட்டுப் பார்ப்போம். 50 கிலோ டிஏபி மூட்டையில் 23 கிலோ பாஸ்பரஸ் பென்டாக்சைடு உண்டு. ஐரோப்பிய உச்ச வரம்பிலேயே இருந்தாலும் ஒரு மூட்டையில் வருவது ஏறக்குறைய 1.4 கிராம் காட்மியம். ஒரு ஏக்கரின் 15 செ.மீ. மேல்மண் சுமார் 900 டன் எடையுள்ளது. ஒரு மூட்டையால் மண்ணின் அளவில் உண்டாகும் மாற்றத்தைக் கருவியால்கூடக் கண்டறிவது கடினம். பல பத்தாண்டுகளின் தொகைதான் கவலைக்குரியது. ஆகவே பாஸ்பேட்டை நிறுத்துவது தேவையற்றது, ஆய்வு சொல்லும் அளவுக்கு மேல் கொட்டுவதை நிறுத்துவதே தேவை. பாஸ்பரஸ் மிகுந்தால் துத்தநாகப் பற்றாக்குறை தீவிரமாகும் என்பதை இங்கே சேர்த்து நினைக்க வேண்டும்; ஆண்டுதோறும் மண்ணைச் சோதிக்காமல் டிஏபி இட்டுவரும் மஞ்சள் தோட்டத்தில் பயிர் வெளுக்க இதுவும் ஒரு காரணம்.

தழைச்சத்திலும் வேறுபாடு உண்டு. அமோனியம் சல்பேட்டை எடுக்கும் வேர் தன்னைச் சுற்றி அமிலத்தை விடுகிறது. நைட்ரேட்டை எடுக்கும் வேர் காரத்தை விடுகிறது. முன்னது உலோகத்தைக் கரைக்கும், பின்னது கட்டும். சுண்ணாம்பு மிகுந்த மண் இந்த அமிலத்தைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும் என்பதால் நமக்கு இது இரண்டாம்நிலைக் கவலைதான்.

நகரக் குப்பை உரம்?

இதற்குத்தான் அதிக எச்சரிக்கை வேண்டும். நகரக் குப்பையிலிருந்து செய்யும் உரத்துக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணை வைத்துள்ள உச்ச வரம்பு கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராம், ஈயம் 100, குரோமியம் 50, நிக்கல் 50. காட்மியம் அந்த வரம்பை ஒட்டியுள்ள உரத்தை ஏக்கருக்கு 5 டன் இட்டால் 25 கிராம் காட்மியம் இறங்கும். மேலே சொன்ன கணக்கின்படி அது 18 மூட்டை டிஏபிக்குச் சமம். பிரிக்காத குப்பையில் மின்கலமும் வண்ணப்பூச்சும் கலந்திருக்கும் என்பதால் ஆய்வறிக்கை இல்லாமல் வாங்கக் கூடாது. வீட்டுத் தொழுவத்து எருவும் மண்புழு உரமும் இந்தக் கணக்கில் வராதவை. அவற்றின் மக்குப் பொருள் காட்மியத்தையும் ஈயத்தையும் பிடித்துவைக்கிறது.

குரோமியமும் ஈயமும் காய்க்கு ஏறாதா?

மிகக் குறைவாகவே ஏறும். தோல் பதனிடுதலில் பயன்படும் மூவிணைதிறக் குரோமியம் மண்ணில் எளிதில் கரையாது. வேருக்குள் போனதும் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடும். ஈயமும் வேரின் உயிரணுச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். கீரையில் காணப்படும் ஈயத்தில் பெரும்பங்கு வேர்வழி வந்ததே அல்ல, சாலைத் தூசியும் பட்டறைப் புகையும் இலைமேல் படிந்தது. நன்றாகக் கழுவினால் அதில் கணிசமான பகுதி போய்விடும். உள்ளே ஏறிய காட்மியம் கழுவினால் போகாது.

ஆறிணைதிறக் குரோமியம் வேறு வகை. அது தண்ணீரோடு ஓடும், நஞ்சு கடுமையானது. முலாம் பட்டறைக் கழிவு இறங்கிய கிணற்று நீர் மஞ்சள் நிறம் காட்டினால் பயிருக்குப் பாய்ச்சுவதை நிறுத்திவிட்டுச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

ஈரோட்டு மஞ்சளில் ஈயம் ஏறுமா?

மஞ்சளில் ஈயம் என்று வெளிவரும் செய்திகளை நிலத்தோடு நேராக இணைத்துவிடக் கூடாது. அறுவடைக்குப் பின் மெருகேற்றும்போது நிறத்துக்காகச் சேர்க்கப்படும் ஈயக் குரோமேட்தான் அதிக அளவுகளுக்குக் காரணம் என்பதை வங்கதேசத்தில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு விளக்கமாகக் காட்டியது. மண்ணிலிருந்து கிழங்குக்கு ஈயம் ஏறுவது குறைவு. கிழங்கின் தோலில் ஒட்டிய மண்ணே அளவைக் கூட்டும். மாசுள்ள நிலத்தில் மஞ்சளுக்கும் காட்மியத்தையே கவனிக்க வேண்டும்.

எந்தப் பயிரைத் தவிர்க்கலாம், எதை வைக்கலாம்?

பொதுவாக இலையில் அதிகம், வேரிலும் கிழங்கிலும் அடுத்து, காயிலும் விதையிலும் குறைவு. பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் இலைக்காய்கறிக்குக் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், தீட்டிய அரிசிக்கு 0.4 என்று காட்மிய வரம்பு வைத்திருக்கிறது. கழிவுநீர் பட்ட நிலத்தில் கீரை வகைகளை வைப்பதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். புகையிலை காட்மியத்தை இலைக்கு ஏற்றுவதில் முன்னணியில் நிற்பது. விதைகளில் சூரியகாந்தி விதிவிலக்கு. அதன் பருப்பு காட்மியத்தைச் சேர்க்கும், ஆனால் எண்ணெய்க்கு அது பெரிதாகப் போவதில்லை, புண்ணாக்கிலேயே நிற்கும்.

பயிரைப் போலவே வேரும் முக்கியம் என்பதற்குச் சுண்டை நல்ல சான்று. வாடல் நோய்க்கும் நூற்புழுவுக்கும் தாங்கும் என்று சுண்டை வேர்ச்செடியில் கத்தரியை ஒட்டுக்கட்டுவது நமது நாற்றங்கால்களில் பரவிவருகிறது. ஜப்பானில் 2008இல் வெளியான ஆய்வில், சுண்டை வேரில் ஒட்டிய கத்தரியின் காய்களில் காட்மியம் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. வேரிலிருந்து தண்டுக்கு ஏற்றுவதைச் சுண்டை மட்டுப்படுத்துகிறது. நோய்க்காக வாங்கும் ஒட்டுக்கன்றில் இப்படி ஒரு நன்மையும் கிடைப்பது மகிழ்ச்சிக்குரியது. மாசுள்ள பகுதிகளுக்கு இத்தகைய கன்றுகளை முதலில் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

நெல்வயலில் தண்ணீர் கட்டுவதா, காயவிடுவதா?

தண்ணீர் தேங்கினால் மண்ணில் சல்பைடு உண்டாகிக் காட்மியத்தைக் கட்டிவிடும். ஆனால் இரும்பு ஆக்சைடு கரைந்து அதிலிருந்த ஆர்சனிக் வெளியாகும். காயவிட்டால் இரண்டும் தலைகீழ். வங்காளக் கழிமுகத்தைப் போல் ஆர்சனிக் நீருக்குப் பெயர்பெற்ற பகுதி கொங்கு அல்ல; ஆகவே காளிங்கராயன் பாசனத்தில் கழிவு கலந்த நீர் பாய்ந்த வயல்களில் காட்மியத்தை முன்னிறுத்தி, கதிர் வெளிவருவதற்கு மூன்று வாரம் முன்பும் மூன்று வாரம் பின்பும் வயலைக் காயவிடாமல் இருப்பது பொருத்தமானது. ஜப்பானிய உழவர்கள் பின்பற்றும் முறை இது. காட்மியம் மிகக் குறைவாக ஏறும் கோஷிஹிகாரி நெல்லையும் 2012இல் அங்கே உருவாக்கிக் காட்டினார்கள். மேலே சொன்ன மாங்கனீசுப் புரதம் அதில் செயலிழந்திருக்கிறது.

கால்நடைக்கு என்ன ஆகும்?

பாலில் காட்மியம் சேர்வது மிகக் குறைவு. ஈரலிலும் சிறுநீரகத்திலுமே தேங்கும். கழிவுநீரில் வளர்ந்த தீவனப்புல்லைத் தொடர்ந்து கொடுக்காமல் சோளத்தட்டோடு கலந்து கொடுப்பதும், மண் ஒட்டிய அடித்தட்டை நீக்குவதும் நல்லது. அத்தகைய நிலத்தில் நெடுங்காலம் மேய்ந்த ஆட்டின் ஈரலைக் குழந்தைகளுக்குக் கொடுப்பதைத் தவிர்க்கலாம்.

உலோகத்தை உறிஞ்சும் செடிகளை வைத்து நிலத்தைச் சுத்தம் செய்ய முடியாதா?

கொள்கையளவில் முடியும், காலக் கணக்கில் மிக நீண்டது. கடுகு, சூரியகாந்தி போன்றவை ஒரு போகத்தில் எடுப்பது மண்ணில் உள்ளதில் சிறு பங்கே. அறுத்த தழையை எங்கே கொட்டுவது என்ற சிக்கலும் தொடரும். கழிவு இறங்குவதை நிறுத்தாமல் செடியை நம்புவதில் பொருளில்லை.

மண்ணை எங்கே, எப்படிச் சோதிப்பது?

மாவட்ட மண் ஆய்வு நிலையங்களிலும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் சத்து அளவைப் பார்க்கலாம். மாதிரி எடுக்கையில் எருக்குழி, வரப்போரம், மரநிழல், உரம் கொட்டிய இடம் ஆகியவற்றைத் தவிர்த்து, ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு ஆங்கில வி வடிவில் குழியெடுத்து, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டிச் சேர்த்து, கலந்து, கால்பங்காகக் குறைத்து அரைக் கிலோ அனுப்ப வேண்டும். கழிவுநீர் வரும் பக்கத்து மண்ணைத் தனிப் பையில் வையுங்கள். முழுத் தோட்டத்தோடு கலந்தால் மாசு மறைந்துவிடும். துத்தநாகத்தை அளக்கும் மண்ணில் இரும்புத் தட்டோ துத்தநாகம் பூசிய வாளியோ படக் கூடாது. பிளாஸ்டிக் வாளியும் மரக் கரண்டியும் போதும்.

ஆய்வுச் சீட்டில் கார அமில நிலை, உப்பு நிலை, சுண்ணாம்பு அளவு, துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு ஆகியவற்றைக் கட்டாயம் கேளுங்கள். காட்மியத்துக்குத் தனிக் கட்டணமும் வேறு கருவியும் வேண்டும் என்பதால் எல்லோராலும் செய்ய முடியாது. கழிவுநீர் பாய்ந்த வரலாறு இருந்தால் மட்டும் செய்தால் போதும். அப்போதும் மண்ணை மட்டும் அனுப்பாமல், அதே இடத்தில் பறித்த கீரையையோ காயையோ கழுவி உலர்த்திச் சேர்த்து அனுப்புங்கள். மண்ணில் மொத்தமாக எவ்வளவு இருக்கிறது என்ற எண்ணைவிட, விளைந்ததில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற எண்ணே அடுத்த போகத்துக்கு எதை வைப்பது என்று முடிவெடுக்க உதவும்.